எனிவெடாக்: பவளக்கல்லின் அடிவழியே வரும் கடல்

ஹவாயிலிருந்து மேற்கே 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மார்ஷல் தீவுகளின் வடமேற்குக் கோடியில் இருக்கிறது எனிவெடாக். சுமார் 40 குட்டித் தீவுகள் ஒரு காயலைச் சுற்றி வளையமாகக் கிடக்கின்றன. வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அத்தனை தீவுகளையும் சேர்த்தாலும் நிலம் 6 சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

இப்படி ஒரு வளையம் உருவாவது எப்படி என்று 1842-இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். எரிமலைத் தீவின் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. மலை மெல்ல அமிழ்கிறது. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் அது மேலே மேலே கட்டிக்கொண்டே வருகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது.

இது சரியா என்று பார்க்க, துளையிட்டு எரிமலைப் பாறையைத் தொட வேண்டும். துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டி பவளத்தீவில் 1896 முதல் 1898 வரை முயன்றும் 340 மீட்டர்தான் இறங்க முடிந்தது. 1947-இல் மார்ஷல் தீவுகளின் இன்னொரு வளையமான பிகினியில் 779 மீட்டர் போனார்கள்; அங்கும் சுண்ணாம்புக்கல்தான். 1952-இல் எனிவெடாக்கின் பாரி தீவில் இட்ட துளைதான் சுமார் 1,280 மீட்டர் ஆழத்தில் எரிமலைப் பாறையான பசால்ட்டைத் தொட்டது. அடிமட்டச் சுண்ணாம்பின் வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. அப்படியென்றால் மலை அமிழ்ந்த வேகம் சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரக்கூடிய பவளத்திட்டுக்கு இது எளிதில் ஈடுகொடுக்கக்கூடிய வேகம்.

அதே ஆண்டு வளையத்தின் வடக்கே எலுகெலாப் தீவிலும் துளையிட்டார்கள். 1952 நவம்பர் 1 அன்று அமெரிக்கா அங்கே 10.4 மெகாடன் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. தீவு ஆவியாகிப் போனது, சுமார் 1.9 கிலோமீட்டர் அகலத்தில் 50 மீட்டர் ஆழப் பள்ளம் மிஞ்சியது. 1948 முதல் 1958 வரை இந்த ஒரே வளையத்தில் 43 அணுகுண்டுச் சோதனைகள். ஊர் மக்களை அதற்கு முன்பே, 1947 டிசம்பரில், உஜெலாங் என்ற வேறொரு பவளத்தீவுக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள்.

அன்று நடந்ததன் விளைவைப் புரிந்துகொள்ள, அந்தக் கல்லின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்தது. வெளியே தலைகாட்டிய பவளக்கல்லை மழைநீர் கரைத்து, உள்ளே பொந்துகளையும் குடைவுகளையும் உண்டாக்கியது. கடல் திரும்ப ஏறியபோது அதன்மேல் புதிய பவளமும் மணலும் படிந்தன. ஆக, மேலே 10, 20 மீட்டருக்கு நீரை ஓரளவு தடுக்கும் புதிய அடுக்கு. கீழே தாராளமாக நீரோடும் பழைய கல்.

எனிவெடாக் கிணறுகளில் அளந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. கடலின் ஏற்றவற்றம் கரையிலிருந்து பக்கவாட்டில் வருவதானால், தீவின் நடுவிலுள்ள கிணற்றில் அது பிந்தித் தெரிய வேண்டும். ஆனால் தாமதத்தைத் தீர்மானித்தது கரையிலிருந்து உள்ள தூரமல்ல, கிணற்றின் ஆழம். கடல் அடியிலிருந்துதான் ஏறி இறங்குகிறது.

குடிநீருக்கும் இதுவே விதி. மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கோட்பாட்டின்படி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால், கீழே 40 பங்கு இருக்கும். நடைமுறையில் பழைய கல்லைத் தொட்டதும் உப்பு கலந்துவிடுகிறது. ஆழமாகத் தோண்டி மோட்டார் வைத்து இறைத்தால், நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கும்போது அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் வரை மேலேறக்கூடும். அதனால் இத்தகைய தீவுகளில் நீர்மட்டத்தை ஒட்டித் துளைகளிட்ட குழாய்களைப் படுக்கைவசமாகப் பதித்து, நிதானமாக இறைப்பதே பாதுகாப்பு.

இந்தக் கல்லில்தான் எனிவெடாக்கின் ருனிட் தீவிலுள்ள கதிரியக்கக் கழிவுக் குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. 1958 சோதனை ஒன்றின் பள்ளத்தில், 1977–80 துப்புரவில் வாரிய சுமார் 85,000 கன மீட்டர் கதிரியக்க மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி, 46 சென்டிமீட்டர் தடிமனில் கான்கிரீட் மூடி போட்டார்கள். மூடியின் விரிசல்கள்தான் செய்திகளில் வருகின்றன. ஆனால் பள்ளத்தின் அடியில் கான்கிரீட் எதுவும் கிடையாது. நிலத்தடி நீர் கடலின் ஏற்றவற்றத்தோடு உள்ளே வந்து போகிறது. மூடியைப் பூசி மெழுகினால் இது தீராது. குவிமாடத்துக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு புளுட்டோனியம் ஏற்கெனவே காயலின் அடிமண்ணில் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1980-இல் மக்கள் தென்பகுதித் தீவுகளுக்குத் திரும்பினார்கள். வடபகுதியில் விளையும் உணவில் முதன்மையான ஆபத்து, அணுவெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137. பவள மண்ணில் அதைப் பிடித்துவைக்கும் களிமண் இல்லை, பொட்டாசியமும் குறைவு; அதனால் தென்னை பொட்டாசியத்துக்குப் பதில் சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பொட்டாசியம் உரமிட்டால் இந்த உறிஞ்சல் பெருமளவு குறைவதை பிகினியில் நடந்த வயல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.