இரவு பத்து மணிக்கு ஜெர்மனிக்கு போன் போடாதீங்க

மனநல ஆலோசகராக வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியில் முதுகலை படிக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளிடம் வீடியோ காலில் பேசுவது இப்போதெல்லாம் எனக்கு வழக்கமான வேலை. பெரும்பாலும் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ இருக்கும் அம்மாதான் முதலில் வருவார். "சரியா சாப்பிடவே மாட்டேன்றான், கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்றான், நீங்க கொஞ்சம் பேசுங்க மேடம்." கடன் வாங்கி பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ கட்டி (2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகைதான்) அனுப்பிய வீட்டில், எனக்கு இங்கே யாரும் இல்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

குளிர், பாடம், பணம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேசப் பேச, அந்த ஊர்க்காரர் ஒருவரோடும் பழக்கமில்லை என்பது வெளியே வரும். வகுப்பு ஆங்கிலத்தில், அறையில் நாலு பேரும் தமிழ், சூப்பர் மார்க்கெட்டில் தானே பில் போட்டுக்கொள்ளும் மெஷின். ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலைச் சான்றிதழ் கையில் இருக்கும், ஆனால் ஜெர்மனில் வாய் திறக்க வேண்டிய கட்டாயமே நாள் முழுக்க வராது.

அந்தக் கட்டாயம் என்ன செய்யும் என்று பார்க்க எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஒரு நடை போனால் போதும். லாட்ஜிலும் மருந்துக்கடையிலும் வேலை செய்கிற நம்ம ஆட்கள், கொல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்களோடு வங்காளத்தில் பேசுவார்கள். யாரும் கோர்ஸ் போகவில்லை. தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறார்கள், எதிராளிக்குப் புரிகிறது, வியாபாரம் நடக்கிறது. இலக்கணம் சரியாக வந்தபிறகுதான் பேசுவேன் என்று இருக்கிற எம்.எஸ். மாணவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

அதனால் ஆர்வத்தைவிட ஏற்பாடு முக்கியம் என்பேன். முதல் செமஸ்டரில் நம்ம ஆட்களோடு தங்குங்கள், தப்பில்லை, ரசம் வைக்கத் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் வேண்டும்; அடுத்த செமஸ்டருக்குள் வேறு நாட்டுக்காரர்கள் இருக்கும் ஷேரிங் வீட்டுக்கு மாறப் பாருங்கள். மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குடோனில் பெட்டி அடுக்கினால் யாரிடமும் பேச வேண்டாம் என்று எல்லோரும் அங்கேயே போகிறார்கள், ஆனால் கொஞ்சம் மொழி வந்ததும் பேக்கரி கவுண்டருக்கு முயற்சி செய்தால், சம்பளத்தோடு தினமும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் விளையாட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு. கிரிக்கெட் மட்டும் வேண்டாம், அங்கேயும் நம்மவர்கள்தான் நிறைய இருப்பார்கள்! வாலிபாலோ மலையேற்றமோ, ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வொரு வாரமும் போய் அதே முகங்களைப் பாருங்கள். அந்த ஊரில் முதல் நாளே வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், காபி குடிக்கக்கூட அடுத்த வாரம் தேதி குறிப்பார்கள். அதை ஒதுக்கிவைப்பதாக நினைத்து அழுத பிள்ளைகள் உண்டு. அது அவர்கள் வழக்கம், அவ்வளவுதான். நீங்கள் திணறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அதுவும் உதவி செய்வதாக நினைத்துத்தான். மெதுவாக ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

பெற்றோரே, இது உங்களுக்கு. சாப்பாடு, சீரியல் எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது அங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்தரை, கோடையில் ஆறரை. வகுப்பு முடிந்து எல்லோரும் விளையாடவோ சேர்ந்து சமைக்கவோ கிளம்புகிற நேரம் அது. உங்கள் பிள்ளை மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும். தினமும் இப்படி நடந்தால் எங்கிருந்து நண்பர்கள் வருவார்கள்? மதியம் பன்னிரண்டரைக்குக் கூப்பிடுங்கள், அங்கே காலை எட்டு அல்லது ஒன்பது, பத்து நிமிடம் பேசினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் நீளமாகப் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளை அங்கிருந்துகொண்டே நம்ம ஊர் நேரத்துக்குத் தூங்கி எழுகிறது, வகுப்புக்குப் போவதில்லை, வீடியோவை ஆன் செய்யவே மறுக்கிறது என்றால் அது வெறும் வீட்டு ஞாபகம் இல்லை. டிசம்பரில் அங்கே மாலை நாலு, நாலரைக்கே இருட்டிவிடும், அந்த மாதங்களில் இன்னும் கவனமாக இருங்கள். மாணவர் நலனுக்காக அங்கே ஸ்டூடியரண்டன்வெர்க் என்ற அமைப்பு இருக்கிறது, பல ஊர்களில் அதன் மனநல ஆலோசனை இலவசம், ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கச் சில வாரம் ஆகலாம், அதனால் செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பதியச் சொல்லுங்கள்.