ஒளிப் பரிவறை

கல்லடியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், குவாண்டம் புள்ளிய ஒளிக்குழிக்குள்ள வைக்கிற எண்டா, குழி தோண்டிப் புதைக்கிறதா?" புதைப்பது சரி. குழிதான் பிழை.

முதலில் புள்ளி. 'குவாண்டம்', 'எவ்வளவு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் இரசாயனவியல் பாடத்தில் அது சக்திச்சொட்டு. ஆகவே சக்திச்சொட்டுப் புள்ளி என்றே சொல்லலாம். சில நானோமீற்றர் (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அகலமே உள்ள குறைகடத்திப் பளிங்கு இது. பொருள் ஒன்றேயானாலும் சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். இத்தகைய புள்ளிகளைக் கண்டுபிடித்ததற்கும் உருவாக்கியதற்குமாக எக்கிமொவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து குழி. ஒளிக்குழிக்கு ஆங்கிலத்தில் 'ஒப்டிகல் கேவிட்டி'. 'கேவிட்டி'க்கு மூலம் குடைவைக் குறிக்கும் லத்தீன் சொல். அதனால்தான் குழி என்றார்கள். ஆனால் இடியப்ப உரலின் அடித்தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். வரிசையாகத் துளைகள். நடுவில் மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்டதாக வையுங்கள். நானோ அளவில், துளைக்குத் துளை ஏறத்தாழ 250 நானோமீற்றர் இடைவெளியில் அமைந்த தட்டில், ஒளி சிக்கி நிற்பது அந்தத் துளையிடாத இடத்தில்தான். குழியே இல்லாத இடத்துக்குக் குழி என்று பெயர்!

அங்கே நடப்பது என்ன? தனக்கு ஒத்த அலைநீள ஒளியை அந்த இடம் பிடித்து வைக்கிறது. புள்ளியும் அதே அலைநீளத்தில் ஒளிர்ந்தால், வெளியில் இருப்பதைவிட விரைவாக ஒளியை உமிழ்கிறது. இந்த விளைவை அமெரிக்கப் பௌதிகவியலாளர் எட்வர்ட் பெர்செல் 1946-லேயே சொல்லிவிட்டார். சிக்கல் இடத்தில்தான். தட்டுக்கான பளிங்கை வளர்க்கும்போது புள்ளிகள் அதற்குள் கண்டபடி முளைக்கும். ஒளி வலுவாக நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் பயன் குறையும். எனவே புள்ளியை முதலில் தேடிக் கண்டுபிடித்து, அப்புறம் அதைச் சுற்றித் துளையிடுவதும் உண்டு.

இப்படி ஒத்து அதிர்வதற்கு நம் பௌதிகப் பாடத்தில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: பரிவு. யாழின் நரம்பொலியைப் பெருக்கும் உடலைப் பழந்தமிழில் பத்தர் என்றார்கள். காரைதீவில் பிறந்து, யாழையும் ஆராய்ந்து கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்த சுவாமி விபுலாநந்தரை நினைத்து 'ஒளிப்பத்தர்' என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் இன்றைக்குப் பத்தர் என்றால் பொற்கொல்லர்தான் நினைவுக்கு வருவார். ஒளிப் பரிவறை என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

அவளுடைய கொப்பியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: சக்திச்சொட்டுப் புள்ளியை ஒளிப் பரிவறையில் பதித்தல்.