‘மேக்ரோ’ என்றால் பெரிதா, சிறிதா?

திருமங்கலத்தில் கல்யாண போட்டோ எடுக்கிற என் அக்கா மகன் போன ஆவணியில் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினான். அதன் உடம்பில் ‘மேக்ரோ’ என்று அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் காசைக் கொட்டினான். முதல் முகூர்த்தத்திலேயே தாம்பாளத்தில் இருந்த தாலியை எடுக்கப் போனால், படம் முழுக்கத் தாம்பாளமும் மஞ்சள் கிழங்கும். தாலி நடுவில் ஒரு பொட்டு மாதிரி. இன்னும் கிட்டப் போனால் ஃபோகஸ் நிற்கவில்லை. ராத்திரி போன் செய்தான். “மாமா, மேக்ரோன்னா பெருசுதானே? இது ஏன் சின்னதாக் காட்டுது?”

கேள்வி நியாயமானது. அந்தச் சொல்லே கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது.

கிரேக்கத்தில் ‘மக்ரோஸ்’ என்றால் நெடிய, நீண்ட என்று பொருள். பெரிய என்பது அதையொட்டி வந்த பொருள். ரோமன் எழுத்தில் தமிழை எழுதும்போது நெடிலுக்கு உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவார்களே, அந்தக் கோட்டுக்குப் பெயர் மேக்ரான். அதே வேர்தான். எதிர்ச்சொல் ‘மிக்ரோஸ்’, சிறிய. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ஒமிக்ரான், கிரேக்க நெடுங்கணக்கில் ‘சின்ன ஒ’. ஆக, நேர்பொருள் பார்த்தால் மேக்ரோ லென்ஸ் நெட்டை லென்ஸ் அல்லது பெரிய லென்ஸ். தேனீயின் கண்ணையும் மல்லிகை மொட்டின் காம்பையும் எடுக்கிற கருவிக்கு இது எப்படிப் பேரானது?

1899-இல் டபிள்யூ. எச். வால்ம்ஸ்லி என்பவர் ஒரு பிரிவினை செய்தார். நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படங்கள் ஒரு சாதி. பத்து மடங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கி, கிட்டத்தில் வைத்து எடுக்கும் படங்கள் வேறு சாதி. இரண்டையும் குழப்பக்கூடாது என்று பின்னதற்கு மேக்ரோ என்ற முன்னொட்டைக் கொடுத்தார். அதாவது இந்த மேக்ரோ யானைப் பெரிதைச் சொல்வதல்ல. ‘நுண்ணோக்கி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தென்படுகிற அளவு’ என்பதுதான் அதன் உட்பொருள். எதிரே நுண்ணுயிர் இருந்தால் எறும்பும் பெரிதுதானே!

லென்ஸ் செய்தவர்களுக்குள்ளும் இதில் ஒற்றுமை இல்லை. 35 மி.மீ. ஃபிலிம் போடும் எஸ்எல்ஆர் கேமராவுக்கென்று (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் வகை அது) வந்த முதல் மேக்ரோ லென்ஸ், 1955-இல் கில்ஃபிட் நிறுவனம் வெளியிட்ட மக்ரோ-கிலார். குவியத்தூரம் 40 மி.மீ. (இந்த எண் கூடக் கூடப் படத்துக்குள் அடங்கும் இடம் குறுகும்), துளை எஃப் 3.5 (இந்த எண் குறையக் குறைய ஒளி புகும் துளை பெரிது). அடுத்த ஆண்டே நிகான் தன் லென்ஸைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மைக்ரோ-நிக்கோர்! மைக்ரோஃபிலிமில் ஆவணங்களைச் சுருக்கிப் பதிவு செய்ய எழுந்த தேவையிலிருந்து பிறந்த லென்ஸ் அது. கோடுகள் நெருங்கிய சீன எழுத்துகளை மசியாமல் பதிக்க, ஓரம் வரை கூர்மை வேண்டியிருந்தது ஜப்பானியருக்கு. இன்றைக்கும் நிகானின் டிஎஸ்எல்ஆர், அதாவது டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் கேட்டால் ‘மைக்ரோ’ என்று எடுத்து நீட்டுவார்கள். பதறவேண்டாம், மற்றவர்கள் மேக்ரோ என்பதும் அதுதான்.

பெயர் எப்படியோ போகட்டும். கணக்கு ஒன்றுதான். கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் சில்லான சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் அளவு, வெளியே இருக்கும் பொருளின் அளவுக்குச் சமமாக வந்தால் 1:1. அதுவரை போவதுதான் முறையான மேக்ரோ. பாதி வந்தால் 1:2. என் மருமகன் வாங்கிவந்தது 1:4. ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவே உள்ள சென்சாரின் அகலம் 36 மி.மீ. 1:4 என்றால் படத்துக்குள் 14 செ.மீ.க்கு மேல் அகலமான இடம் வந்துவிடும். தாலி பொட்டு மாதிரி தெரியாமல் வேறெப்படித் தெரியும்?

இந்தக் குறைச்சல் வழக்கம் புதிதும் அல்ல. மக்ரோ-கிலாரே இரண்டு வகையாக வந்தது, ஒன்று 1:1 வரை, இன்னொன்று 1:2 வரை. அப்போது அதைப் பிரித்துச் சொல்லி விற்றார்கள். இப்போது ஜூம் லென்ஸில் கொஞ்சம் கிட்டப்போக முடிந்தாலே மேக்ரோ, செல்போனில் மூன்றாவதாக ஒரு ஓட்டை இருந்தால் அதுவும் மேக்ரோ.

கடைக்காரரிடம் வாதாட வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். லென்ஸைக் கேமராவில் மாட்டி, ஃபோகஸைக் கையால் கடைசிவரை கிட்டத்துக்குத் திருப்பி, ஸ்கேல் தெளிகிற வரை முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு படம். ஃபுல் ஃப்ரேமில் இடமிருந்து வலம் 36 மி.மீ. வந்தால் 1:1. அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் 22 முதல் 24 மி.மீ. வரவேண்டும். 72 வந்தால், 140 வந்தால் எத்தனைக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். லென்ஸ் என்பதே லத்தீனில் ஒரு பருப்பின் பெயர். நம் மளிகைக் கடையில் மைசூர் பருப்பு என்று கிடைக்கிறதே, அதன் தோல் நீக்காத முழுப்பயற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் புடைத்து ஓரம் ஒடுங்கிய குவிலென்சு. உடைத்த பருப்பு ஒருபக்கம் தட்டையான லென்ஸ். (இதைச் சொன்னபோது என் வீட்டில் சாம்பாருக்கு ஊறப்போட்ட பருப்பில் கைவைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.) தமிழ்நாட்டுப் பாடநூல் ‘லென்சு’ என்று விட்டுவிட்டது. ஈழத்துப் பாடநூல்கள் ‘வில்லை’ என்கின்றன. நல்ல சொல். கற்பூர வில்லை, மருந்து வில்லை, கலெக்டர் ஆபீஸ் சேவகர் மார்பில் குத்திய பித்தளை வில்லை என்று வட்டமான சிறு பண்டத்துக்கெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே ஓடிய சொல்.

மேக்ரோவுக்குத்தான் தகராறு. வேரைப் பார்த்துப் ‘பெருவில்லை’ என்றால், கிரிக்கெட் மைதானத்தில் தோளில் சாய்த்து வைத்திருப்பார்களே, அந்தப் பீரங்கிதான் கண்முன் வரும். நிகானைப் பின்பற்றி ‘நுண்வில்லை’ என்றால் வில்லையே பொடிசு என்று ஆகிவிடும். ‘உருப்பெருக்கி’ என்பது கைரேகை பார்க்கிறவர் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. ‘அண்மை வில்லை’ காதுக்கு இதம். குளோசப்புக்கு அண்மைக் காட்சி என்று பழகியும் இருக்கிறோம். ஆனால் கிட்டப்போவது மட்டும் மேக்ரோ ஆகாது. அகலக்கோண லென்ஸும் அண்மையில் போகும், போய்ப் பொருளைச் சின்னதாகத்தான் காட்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் 1:4 லென்ஸும் மேக்ரோ என்று உள்ளே நுழைந்தது.

வேரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். உள்ளது உள்ளபடியான அளவில் பிம்பம் விழவேண்டும், அதுதானே வேலை? நம் ஊர் மேடைகளில் ‘ஆளுயர மாலை’ என்கிறோம், ‘ஆளுயரப் படம்’ என்கிறோம். அந்த வழியில் போனால் ‘மெய்யளவு’ கிடைக்கிறது. மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்கூட. பொருளின் உடம்பளவே பிம்பத்தின் அளவு. மெய்யளவு வில்லை என்று சொல்லிவிட்டு 1:4-ஐ விற்கமுடியாது. பாதி வருவதை அரையளவு வில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பேச்சில் மேக்ரோ ஓடட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. எழுத்தில் நான் மெய்யளவு வில்லை என்றே எழுதுகிறேன்.

மருமகனுக்கு அடுத்த சந்தேகம் போர்ட்ரெய்ட். அதாவது உருவப்படம். மெய்யளவு வில்லை வாங்கினால் பெண்ணு மாப்பிள்ளை முகத்தையும் அதிலேயே எடுக்கலாமா? எடுக்கலாம். டாம்ரான் 1979-இல் கொண்டுவந்த 90 மி.மீ. எஃப் 2.5 லென்ஸுக்குப் ‘போர்ட்ரெய்ட் மேக்ரோ’ என்றே பேர் நின்றது. நம் கணக்கில் அது அரையளவுதான், 1:2. ஆனாலும் முகத்துக்கும் பூவுக்கும் ஒரே லென்ஸ் என்ற எண்ணத்தை அது ஊன்றிவிட்டது.

எந்தக் குவியத்தூரம் என்பதுதான் யோசிக்கவேண்டிய இடம். 60 மி.மீ. மெய்யளவுக்குப் போகும்போது, லென்ஸின் மூக்குக்கும் பொருளுக்கும் நடுவே ஐந்து செ.மீ.தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே மோதிரத்தின் மேல் விழும், தும்பி இருந்தால் பறந்துவிடும். சேலை, ஓலை, பழைய பத்திரம் போன்ற தட்டையான சரக்குக்கு அது போதும். 100, 105 மி.மீ.யில் பதின்மூன்று, பதினைந்து செ.மீ. இடம் கிடைக்கும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்க வழி உண்டு. 180-க்குப் போனால் பூச்சிக்கு அருமை, கல்யாண மண்டபத்தில் முதுகு சுவரில் இடிக்கும். கிராப் சென்சார்க்காரருக்கு 60-ஏ முகத்துக்கு 90 போல நடக்கும். அவன் கேமரா ஃபுல் ஃப்ரேம். 100 வாங்கச் சொன்னேன்.

வாங்குமுன் இரண்டு நாளைக்கு நண்பரிடம் இரவல் வாங்கிவந்தான். முதலில் என் மனைவியின் சுங்குடிச் சேலை. முடிச்சு அவிழ்த்த ஒரு புள்ளியை மெய்யளவில் எடுத்தோம். நடுவில் கடுகளவு சாயத் துளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம், வளையத்தில் நூல் இறுக்கிய இடத்தில் சூரியக் கதிர் மாதிரி சுருக்கங்கள். சேலையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம், அந்தச் சுருக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அப்புறம் மாட்டுத்தாவணியில் வாங்கிவந்த மல்லிகை மொட்டு. இங்கேதான் பாடம். எஃப் 2.8-இல் எடுத்தால் ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்தான் தெளிவாக இருக்கும். மொட்டு நுனி தெரிகிறது, அடியில் நூல் நூலாக நிற்கும் பச்சை இதழ்கள் புகையாகிவிட்டன. துளையை எஃப் 8-க்குக் குறைத்தும் ஏறத்தாழ ஒரு மி.மீ.தான். முக்காலி வேண்டும், மின்விசிறியை நிறுத்தவேண்டும், மூச்சையும் கொஞ்சம் நிறுத்தவேண்டும்.

மறுநாள் உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். காதில் தண்டட்டி. இரண்டு மீட்டர் தள்ளி உட்காரவைத்து எஃப் 2.8-இல் எடுத்தான். அந்தத் தூரத்தில் ஆறேழு செ.மீ. ஆழம் கிடைக்கிறது. கண்ணும் மூக்கும் தெளிவு, காது லேசாகக் கரைகிறது. முகம் இழுபடாமல் அளவாக வந்தது. ஒரு தொல்லை மட்டும். ஃபோகஸ் பிடிக்க லென்ஸ் கோடியிலிருந்து கோடிக்கு ஓடி ஓடித் திரும்பியது. பக்கவாட்டில் இருக்கும், ஃபோகஸ் தேடும் எல்லையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்சைத் தூரத்துக்குத் தள்ளியதும் அடங்கியது. முகத்துக்கு எடுக்கும்போது இதை மறந்தால் சிரிப்பு போய்விடும், படம் வராது.

இன்னொரு தொல்லையைப் பெரியம்மாவே சொன்னார். கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “ஏண்டா, மூஞ்சியில இத்தனை குழியா? தண்டட்டியை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிரு.” மெய்யளவு வில்லையின் கூர்மை தோலுக்குத் தயவு காட்டாது. மணப்பெண்ணுக்கு எடுத்தால் ஜன்னல் பக்கம் நிறுத்தி, வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்வது நல்லது.

மருமகன் இரவல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனான். போகிறபோது என் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துப் போயிருக்கிறான். லென்ஸ் வந்துவிட்டது, ஸ்கேல் இன்னும் வரவில்லை.