‘லேண்ட்மார்க்’குக்குத் தமிழில் என்ன?

“பக்கத்துல ஏதாச்சும் லேண்ட்மார்க் சொல்லுங்கண்ணே” என்று கூரியர் தம்பி போனில் கேட்டால், மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்காரர் யோசிக்கவே மாட்டார். “தங்கம் தியேட்டருக்கு எதுத்தாப்ல வா.” வெளியூர்த் தம்பியாக இருந்தால் வண்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் கூப்பிடுவார். “இங்கன ஜவுளிக்கடைதாண்ணே இருக்கு.” “ஆமா, அதான் தங்கம் தியேட்டரு.”

1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தியேட்டர் அது. இடித்துப் பல வருடம் ஆகிறது. வழி சொல்வதில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். லேண்ட்மார்க் பழைய ஆங்கிலச் சொல். ‘லேண்ட்’ நிலம், ‘மார்க்’ என்றால் அந்தக் காலத்தில் எல்லை. என் வயல் இதோடு முடிகிறது என்று காட்டும் கல்லோ மரமோதான் முதலில் லேண்ட்மார்க். பின்னால் கடலோடிகள் கரையை அடையாளம் பிடிக்கும் குன்றும் கோபுரமும் அந்தப் பெயரைப் பெற்றன. ஊரறிந்த கட்டடம் என்ற பொருள் அதற்கும் பிந்தியது.

அந்த முதல் பொருளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. நிலம் தானமாகக் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, ‘கல்லும் கள்ளியும் நாட்டி’னார்கள் என்று பழைய செப்பேடுகள் சொல்கின்றன. இன்றைய எல்லைக்கல் அதன் பேரன். பத்திரத்தில் நிலத்தின் நாலு பக்க எல்லையைச் சொல்லி எழுதும் நான்குமாலும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு’ என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் போய்ச் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும்.

வழி சொல்லும் பொருளுக்கு ‘நிலக்குறி’ என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பில்லை; ஆனால் டீக்கடையில் நின்று யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். ‘அடையாளம்’ என்பதே போதும் என்பது என் கட்சி. “அடையாளம் சொல்லுங்க” என்றுதான் எங்கள் அப்பத்தாவும் கேட்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் பாசுரங்களில், தான் இராமனின் தூதன்தான் என்று சீதையை நம்பவைக்க அனுமன் ‘ஓர் அடையாளம்’, ‘ஓர் அடையாளம்’ என்று ஒவ்வொன்றாக அடுக்குவான். மோதிரம் வருவது கடைசியில்தான். அதுவரை சொன்னதெல்லாம் நடந்து முடிந்த சங்கதிகள். கையில் எடுத்துக் காட்ட முடியாதவை. அடையாளம் கண்முன் நிற்கவேண்டும் என்பதில்லை, இருவருக்கும் நினைவிருந்தால் சரி. தங்கம் தியேட்டருக்குப் பொருந்துகிறதா இல்லையா?

இப்படி இல்லாமல் போன இடத்தின் பெயரோடு ‘பழைய’ சேர்ப்பது வெளியூர்க்காரருக்காக. “பழைய சென்ட்ரல் மார்க்கெட்” என்று விளக்குவோம். நமக்குள் பேசும்போது வெறும் “சென்ட்ரல் மார்க்கெட்”தான். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாட்டுத்தாவணியில் இன்று பஸ் ஸ்டாண்டு. அங்கே போகிறவர் யாரும் மாட்டை நினைப்பதில்லை.

இதில் எல்லாவற்றுக்கும் மூத்தது வெளி வீதி. எதற்கு வெளியே? கோட்டைக்கு. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேற்குக் கோட்டை வாசலின் மிச்சம் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. ரயிலைவிட்டு இறங்கி மேல வெளி வீதியில் கால் வைக்கிற யாரும் மதில் எங்கே என்று கேட்பதில்லை.