மைதானத்துக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் போக்கே மாறிவிட்டது. "யாழ்ப்பாணத்துக்குக் கிடைச்சிட்டுது, எங்கடை பக்கம் எப்ப?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். "ஏ9 வீதிக்குக் கிட்ட ஒரு காணி வருது ஐயா, வாங்கிப் போடட்டோ?" என்பது மற்றப் பாதியின் கேள்வி. உள்ளூராட்சி சபைகளுக்கும் கழகங்களுக்கும் கட்டட மதிப்பீடு போடுவது என் தொழில். வீதி, மதகு, சந்தை, பொது மலசலகூடம், இடைக்கிடை ஒரு மைதானம். பெரிய போட்டி ஒன்று வந்தால் ஊர் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வன்னியில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அந்த வேலையில்தான் அறிந்தேன்.

நிமிர்ந்த ஊர்கள் இல்லாமல் இல்லை. 1992 ஒலிம்பிக்கை நடத்திய பார்சிலோனாவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே காசு போன வழியைப் பாருங்கள். பெரும்பங்கு அரங்குகளுக்குப் போகவில்லை. சுற்றுவீதிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் விமான நிலையத்துக்கும் போனது. தொழிற்சாலைகளும் தண்டவாளமும் மறித்துக் கிடந்த கடற்கரையைச் சனத்துக்குத் திறந்துவிடப் போனது. பிரதான அரங்கு 1929 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குக் கட்டிய பழையது. அதைத்தான் திருத்தி எடுத்தார்கள். போட்டி வராவிட்டாலும் அந்த நகரத்துக்குத் தேவைப்பட்ட வேலைகள் அவை. ஒலிம்பிக் அவற்றுக்கு ஒரு கெடு வைத்தது, அவ்வளவுதான். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸும் இருந்த அரங்குகளை வைத்தே பெரும்பாலும் சமாளித்து, 20 கோடி டொலருக்கு மேல் மிச்சம் பிடித்தது.

மற்றப் பக்கத்தைப் பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை, சூரியவெவ இருக்கிறது. 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 35,000 பேர் இருக்கக்கூடிய கிரிக்கெட் மைதானத்தைக் கட்டினார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தது இரண்டே இரண்டு ஆட்டம். பிற்காலத்தில் அது கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போவதாகச் செய்தி வந்தது. மைதானங்களில் கொட்டிய காசு கிரிக்கெட் சபையைக் கடனில் தள்ளி, தேசிய அணி வீரர்களின் சம்பளமே மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 2011 நவம்பரில், 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியையும் அம்பாந்தோட்டைக்குக் கேட்டுப் போய், 43க்கு 27 என்ற வாக்கில் கோல்ட் கோஸ்ட்டிடம் தோற்றோம். அந்தத் தோல்வி நாட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பது என் எண்ணம். இதே போட்டியை 2026 இல் நடத்த ஒப்புக்கொண்டிருந்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டாது என்று 2023 இல் கைவிரித்தது. பெருநகரத்தை விட்டுச் சிறு நகரங்களுக்குப் போட்டிகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் அவர்களின் திட்டமாக இருந்தது. பணக்கார மாநிலத்துக்கே அது கட்டுபடியாகவில்லை. 1976 ஒலிம்பிக்குக்கு முன் மொன்ட்ரியல் நகர முதல்வர் ஜான் ட்ரப்போ, ஆம்பிளை ஒருவர் பிள்ளை பெற்றாலும் ஒலிம்பிக் நட்டப்படாது என்ற தோரணையில் பேசினார். அரங்கின் கடன் கட்டி முடிய 2006 ஆகிவிட்டது.

சரி, வன்னிக்கு வருவோம்.

ஒரு உதைபந்தாட்டத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறத்தாழ 7,140 சதுர மீட்டர். சித்திரை மழை ஓய்ந்தால் ஐப்பசி வரை இங்கே நம்பக்கூடிய மழை இல்லை. சோளகம் அடிக்கத் தொடங்கினால் புல் உயிரோடிருக்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 35,000 லீற்றருக்கு மேல். 6,000 லீற்றர் பவுசர் தினமும் ஆறு நடை ஓட வேண்டும். அதே ஆவணியில்தான் குடிதண்ணீருக்குப் பவுசர் கேட்டுக் கிராம சேவையாளர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். குழாய்க்கிணறு அடிக்கலாம், பல இடங்களில் உவர்த் தண்ணீர் வரும், அதற்குப் புல் கருகும். வேலி சரியில்லையென்றால் கட்டாக்காலி மாடுகள் உள்ளே வந்துவிடும். ஊரிலேயே பச்சையாக இருக்கிற ஒரே இடம் அதுதான் என்றால், பாவம், அவை வேறு எங்கே போகும்?

இந்தத் தண்ணீர் எந்த மதிப்பீட்டிலும் வராது. மதிப்பீட்டில் அத்திவாரம் வரும், கம்பி வரும், பெயின்ற் வரும், திறப்புவிழாக் கல்லும் வரும். கட்டுவதற்கான மூலதனச் செலவு கொழும்பிலிருந்தோ ஏதாவது தூதரகத்திலிருந்தோ வந்து சேர்ந்துவிடும். தண்ணீர், மின்சாரம், புல் வெட்டுகிறவரின் சம்பளம், உடைந்த கதிரை எல்லாம் மீண்டெழும் செலவினம், அதாவது வருடா வருடம் திரும்ப வரும் செலவு. அது உள்ளூராட்சி சபையின் தலையில் விழும். ஆதனவரியும் சந்தைக் குத்தகையும் வாங்கித் தெருவிளக்கு மாற்றவே திண்டாடும் சபையின் தலையில். எனக்குத் தெரிந்த ஒரு மைதானத்தில் விளக்குக் கோபுரங்கள் கம்பீரமாக நிற்கின்றன. மின்னொளியில் கரப்பந்து வைக்க விரும்பும் கழகம் ஜெனரேற்றரையும் டீசலையும் தானே கொண்டுபோக வேண்டும். செயற்கை ஓடுதளம் போட்டால் தண்ணீர்ச் செலவு இல்லைத்தானே என்று சிலர் கேட்பார்கள். இல்லைத்தான். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அன்பளிப்புச் செய்த நாடு வேறு ஊரில் வேறு கல் திறந்துகொண்டிருக்கும்.

அடுத்தது மண். மைதானம், வாகனத் தரிப்பிடம், உள்வீதி எல்லாம் சேர்த்து 4 ஹெக்டயர் என்று வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் அரச காணி பெரும்பாலும் பள்ளக் காணியாகத்தான் இருக்கும். அதை ஒரு மீட்டர் உயர்த்த 40,000 கன மீட்டர் கிரவல் வேண்டும். மூன்று கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) ஏற்றும் டிப்பர் என்றால் 4,700 நடைக்குக் குறையாது. அந்தக் கிரவல் ஏதோ ஒரு காட்டு மேட்டைத் தோண்டித்தான் வரும். வரும் வழியில் உள்வீதியையும் மதகையும் உடைத்துக்கொண்டு வரும். உயர்த்திய பிறகு, முன்பு அந்தப் பள்ளத்தில் நின்ற மழைத்தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளத்துக்குள் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கட்டட வரைபடத்தைப் பார்க்கும் முன் வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள். தண்ணீர் எந்தக் குளத்துக்கு, எந்த வாய்க்கால் வழியாகப் போகும் என்று அதில் கோடு போட்டிருக்க வேண்டும்.

காணி வாங்கலாமா என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. வன்னியில் தரகர்கள் காட்டும் காணிகளில் கணிசமானவை அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். அவற்றை உறுதிக் காணி போல நினைத்தபடி விற்க முடியாது. மைதானம் வருகிறது என்ற கதையை நம்பிக் காசு கொடுத்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு அலைவதை விட, முதலிலேயே அங்கே போய்க் காணிப் பகுதியில் விசாரிப்பது நல்லது.

வியாபாரம் பெருகாதா? போட்டி நாட்களில் பெருகும். சோடாவும் கொத்துரொட்டியும் விற்கும். ஆனால் இரவு தங்கினால்தான் ஒரு பார்வையாளரிடமிருந்து ஊருக்குச் சொல்லும்படியாகக் காசு வரும். கிளிநொச்சியில் ஆட்டம் முடிந்தால் சனம் ஏ9 வீதியில் ஏறி ஒன்றரை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தில் நிற்கும். கட்டும் காலத்து வேலையும் பெரிதாக எதிர்பார்த்த அளவுக்கு உள்ளூரில் நிற்பதில்லை. பெரிய ஒப்பந்தகாரர் தன் மேசனையும் வெல்டரையும் கூட்டிக்கொண்டே வருவார். எங்கள் பெடியளுக்குக் காவல் வேலை மிஞ்சும்.

ஆனால் பெருங்கூட்டத்தைத் தாங்க வன்னிக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் கரையில் வற்றாப்பளை அம்மனிடம் திரளும் சனத்தை நினையுங்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கும் குடும்பங்களை நினையுங்கள். பவுசர் வருகிறது, தற்காலிக மலசலகூடம் வருகிறது, விசேட பஸ் ஓடுகிறது, முதலுதவிக் கொட்டில் போடுகிறார்கள், சுகாதாரப் பரிசோதகர் கடை கடையாகப் போகிறார். முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கட்டார் 2022 உலகக் கிண்ணத்துக்குக் கப்பல் கொள்கலன்களால் கழற்றக்கூடிய 'ஸ்டேடியம் 974' என்ற அரங்கைக் கட்டியது. லண்டனும் 2012 இல் கூடைப்பந்தாட்ட அரங்கைத் தற்காலிகமாகவே போட்டது. அவர்கள் கோடிக்கணக்கில் செய்ததன் அடிப்படை எங்கள் கோயில் பொங்கலில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே போட்டி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தேசிய மட்டப் போட்டியொன்று வன்னிக்கு வருவதாக இருந்தால் இரு கை நீட்டி வாங்குங்கள். பார்வையாளர் இருக்கையைத் தற்காலிகமாகப் போடச் சொல்லுங்கள். நிரந்தரக் காசை வேறு இடத்தில் கேளுங்கள். வீரர்களைப் பெரும்பாலும் பாடசாலைகளில்தான் தங்க வைப்பார்கள். அந்தப் பாடசாலைகளின் விடுதியையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் திருத்தித் தரக் கேளுங்கள். வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கேளுங்கள். உள்வீதிக்கும் வடிகானுக்கும் கேளுங்கள். சாதாரண வருடத்தில் இவற்றைக் கேட்டால் கோப்பு மேசையிலேயே தூங்கும். போட்டித் திகதி குறித்துவிட்டால் அதே கோப்புக்குக் கால் முளைக்கும். நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் துரையப்பா மைதானத்தை 2016 இல் இந்திய உதவியுடன் புதுப்பித்தது போல, இருக்கிற திடலைச் சீர்செய்வது எப்போதும் முதல் தெரிவாக இருக்கட்டும்.

புதிதாகத்தான் கட்டப்போகிறார்கள் என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு மதிப்பிட்டிருக்கிறீர்கள், அதை எந்த நிறுவனத்தின் எந்தச் செலவுத் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், போட்டி இல்லாத நாட்களில் உள்ளூர்க் கழகத்திடம் என்ன வாடகை வாங்குவீர்கள் என்று கேளுங்கள். பராமரிப்புக்கான பதிலில் தொகை மட்டும் இருந்து, நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வந்தால், அந்தக் கடிதத்தோடு அடுத்த பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் சபை உறுப்பினரைப் போய்ச் சந்தியுங்கள்.