கண்டுபிடித்த பெண்ணின் பெயர் எங்கே?

காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களைக் கவனிக்கிற என் மேசைக்குப் போன வாரமும் ஒன்று வந்தது. பொறியியல் கல்லூரி ஒன்றின் காப்புரிமை விண்ணப்பம், கண்டுபிடிப்பாளர்கள் என்று ஆறு பெயர்கள். செயலாளர், முதல்வர், துறைத் தலைவர், அப்புறம் மூன்று பேராசிரியர்கள். அந்த சென்சாரை வடிவமைத்தது யார் என்று கேட்டால், "அது நம்ம ஸ்காலர் பொண்ணு செஞ்சது மேடம், இப்ப மெட்டர்னிட்டி லீவுல இருக்கு" என்கிறார்கள். லீவில் போனதால் அவர் யோசித்தது இல்லை என்று ஆகிவிடுமா? (கட்சிக்காரர் ரகசியம் காக்க வேண்டிய தொழில் இது, அதனால் விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும் ஒன்றுதான், எல்லாக் கதையும் இப்படித்தான் இருக்கிறது.)

பெயரைச் சேருங்கள் என்றேன். உடனே அந்தப் பழைய பயம்: "சேர்த்தா நாளைக்குப் பங்கு கேட்டு வந்துடுவாங்களே?"

இதை எத்தனை முறை விளக்குவது? காப்புரிமை விண்ணப்பமான படிவம் 1-ஐ எடுத்துப் பாருங்கள். விண்ணப்பதாரர் என்று ஒரு பகுதி, கண்டுபிடிப்பாளர் என்று இன்னொரு பகுதி. இரண்டும் வேறு வேறு. காப்புரிமையின் சொந்தக்காரர் விண்ணப்பதாரர்தான், அது கல்லூரியாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம். கண்டுபிடிப்பாளர் என்பவர் யோசித்துக் கண்டுபிடித்த மனிதர், அவ்வளவே. பெயரைக் குறிப்பிடுவதால் மட்டும் காப்புரிமையில் யாருக்கும் உரிமை கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. பிறகு என்ன பயம்? உண்மையில் பயப்பட வேண்டியது பெயரை விட்டால்தான். கல்லூரிக்கு உரிமை வருவதே கண்டுபிடித்தவர் எழுதிக் கொடுப்பதால்தான், அவரையே பட்டியலில் விட்டுவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டியவர் எழுதிக் கொடுக்கவில்லை என்று ஆகிறது. நாளைக்குப் போட்டியாளர் யாராவது இதை மோப்பம் பிடித்தால் எதிர்ப்பு மனு, 64-ஆம் பிரிவில் ரத்து வழக்கு என்று அலைய வேண்டியிருக்கும். பங்கு கேட்பார் என்று பயந்து முழுவதையும் பணயம் வைக்கிறீர்கள்.

கண்டுபிடிப்பாளர் யார் என்று பார்க்க நாங்கள் கிளெய்ம்களை, அதாவது எதற்கெல்லாம் பாதுகாப்பு கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதுவதை, ஒவ்வொன்றாக எடுத்து, இந்த யோசனை யாருடையது என்று கேட்போம். பணம் போட்டவர், அறை கொடுத்தவர், பதவியில் பெரியவர் யாரும் அதில் வரமாட்டார்கள். செயலாளர் சார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"பொண்ணுங்க இந்தத் துறைக்கே கம்மியாத்தான் வர்றாங்க" என்பது அடுத்த பதில். 2023-இல் பி.சி.டி. என்ற சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் வழியாகப் போன சர்வதேச விண்ணப்பங்களில் இடம்பெற்ற கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் 17.7 விழுக்காடுதான், சரி. ஆனால் வந்து வேலை செய்தவர்களுக்கே பெயர் கிடைக்கவில்லை என்பதை என்ன சொல்வீர்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களைப் பற்றி 2022-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் குழுவின் வேலைக்கான காப்புரிமையில் பெயர் பெறும் வாய்ப்பு, உடன் வேலை செய்த ஆண்களைவிடப் பெண்களுக்கு சுமார் 58 விழுக்காடு குறைவு. ஆய்வுக் கட்டுரைகளில் அந்த இடைவெளி 13 விழுக்காடுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு, விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து அதில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம். இது தெரிந்ததும், "வொய்ஃப் பேரை அப்ளிகண்ட்ல போட்டுடலாமா மேடம்?" என்று வருகிறார்கள். ஃபைல் வேகமாக நகர்வதற்குப் பெண் பெயர் வேண்டும், கண்டுபிடித்தது அவர் என்று எழுத மட்டும் கை வராது. குடும்பத் தொழில்களில் இது இன்னும் மோசம். மனைவி யோசித்த இயந்திர மாற்றத்துக்குக் கணவர் பெயர், கேட்டால் ஒரே வீடுதானே என்று சிரிப்பு.

சரி, ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு. ஆய்வுக் குறிப்பேட்டைத் தேதி போட்டு எழுதுங்கள், வாரா வாரம் வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்காவில் தட்டையான அடிப்பாகமுள்ள காகிதப் பை செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த மார்கரெட் நைட்டின் யோசனையை இன்னொருவர் தன்னுடையது என்று பதிவு செய்யப் பார்த்தபோது, நைட் தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் காட்டித்தான் வழக்கில் ஜெயித்து 1871-இல் காப்புரிமை வாங்கினார். விடுப்பில் போகும் முன் இதுவரை செய்ததை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள். கண்டுபிடிப்பாளர் பட்டியல் நிரப்பாத படிவத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

காப்புரிமை அலுவலக இணையதளத்தில் உங்கள் வழிகாட்டி பெயரைப் போட்டு அவ்வப்போது தேடுங்கள். வழக்கமாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும், ஆனால் தரவரிசைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கல்லூரிகள் படிவம் 9 போட்டு முன்னாலேயே வெளியிட வைத்துவிடும். உங்கள் வேலை அங்கே இருந்து பெயர் இல்லையென்றால், கண்டுபிடிப்பாளராகப் பெயரைக் குறிப்பிடக் கேட்கும் படிவம் 8 இருக்கிறது. அதைக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். வைவா முடியட்டும், டிகிரி கைக்கு வரட்டும் என்று காத்திருந்துவிட்டு, வழங்கிய பிறகு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். பயம் புரிகிறது. வழிகாட்டியோடு சண்டை வேண்டாம் என்றால், என் பெயர் விடுபட்டிருக்கிறது, சேர்க்க முடியுமா என்று முதலில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், பின்னால் காட்ட எதுவும் இருக்காது.