மேங்க்ஸ்: சொல் விளக்கம்

வாலில்லாத ஒரு பூனை இனத்தின் பெயராகத்தான் 'மேங்க்ஸ்' என்ற சொல்லை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தப் பூனையின் ஊர், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவு. அத்தீவின் மக்களும் மொழியும் பாட்டும் வழக்கமும் மேங்க்ஸ்தான்.

சொல்லின் பிறப்பு, நார்வே முதலிய வடநாடுகளின் கடலோடிகளான வைக்கிங்குகளிடம் இருக்கிறது. 1266 வரை தீவு நார்வே மன்னரின் மேலாட்சியில் இருந்தது. அவர்களின் நார்ஸ் மொழியில் இடப்பெயரோடு 'ஸ்க்' சேர்ந்தால் 'அவ்விடத்துக்கு உரியது' என்று பொருள். டேனிஷ் மொழிக்கு 'டான்ஸ்க்' என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். 'மன்ஸ்க்' என்பது ஆங்கிலத்தார் வாயில் மேங்க்ஸ் ஆயிற்று. ஸகரமும் ககரமும் இடம் மாறிக்கொண்டன. 'தசை' நம்மிடம் 'சதை' ஆனதே, அதே மாற்றம். எழுத்து நிலைமாற்றம் என்று நம் இலக்கணத்தில் இதற்கு அழகான பெயரே இருக்கிறது.

ஆக, மேங்க்ஸ் என்பது வெளியார் இட்ட பெயர். தீவினர் தங்கள் மண்ணை 'மன்னின்' என்பார்கள். 'தீவு' என்னும் 'எல்லன்' முன்னால் வந்தால் அது 'எல்லன் வன்னின்' ஆகும். தமிழ்ப் புணர்ச்சியில் பெரும்பாலும் முதற்சொல்லின் கடைசி எழுத்து திரியும். அங்கே வருசொல்லின் முதலெழுத்தே மகரத்திலிருந்து வகரமாக நெகிழ்கிறது. இந்த நெகிழ்ச்சிதான் மேங்க்ஸ், ஐரிஷ் முதலிய கெல்டிய மொழிகளின் உயிரோட்டம். கடல் தெய்வம் மனனான் பகைவர் கண்ணில் படாதபடி தீவைப் பனிமூட்டத்தால் போர்த்திக் காத்தான் என்ற கதையிலும் அந்தப் பெயரின் ஒலி கேட்கிறது.

1899இல் தோன்றிய மேங்க்ஸ் மொழிச் சங்கம் 1913இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்குச் சூட்டிய பெயரும் 'மன்னின்'. ஆசிரியர், பீல் துறைமுக ஊரைச் சேர்ந்த சோஃபியா மாரிசன். தீவின் பாடல்களையும் நாட்டார் கதைகளையும் மொழியையும் அழியவிடாமல் அச்சேற்ற அவர் பட்ட பாடு பெரிது. 1917 தொடக்கத்தில் அவர் மறைந்தார். அவ்வாண்டோடு இதழும் நின்றது. மொத்தம் ஒன்பது இதழ்கள்தாம். ஆங்கிலம் ஓங்கியிருந்த காலத்தில் சொந்தப் பெயரை அட்டையில் அச்சிட்டதே ஓர் உரிமைக் குரல் என்று நான் கருதுகிறேன். 'மொழி இல்லையேல் நாடில்லை' என்பது அச்சங்கத்தின் முழக்கம்.

தமிழில் எப்படி எழுதலாம்? 'மனிதத் தீவு' என்பது முழுப் பிழை. ஆங்கிலத்தில் ஒலி ஒத்திருப்பதால் வரும் மயக்கம் அது. 'மான் தீவு' என்றால் புள்ளிமான் துள்ளும். 'மாண் தீவு' என்ற வழக்கு உண்டு. ஆனால் ணகரம் மாட்சிப் பொருளை ஏற்றிவிடுகிறது. 'மேன் தீவு' என்பதே ஒலிக்கு நெருக்கமானது. 'ஸ்க்' விகுதியின் வேலையை நம் விகுதிகளே செய்யும்: மக்கள் மேன்தீவினர், மொழி மேன்தீவு மொழி. பூனைக்கு மட்டும் மேங்க்ஸ் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். இதழின் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. 'மன்னின்' என்றே எழுத வேண்டும்.

அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மேட்ரல் 1974இல் காலமானார். யுனெஸ்கோ 2009இல் அதை அழிந்த மொழி என்று குறித்தபோது, 2001 முதல் அம்மொழியிலேயே பாடம் நடத்திவரும் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் அந்த மொழியிலேயே கடிதம் எழுதிக் கேட்டார்கள்: எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால் நாங்கள் எழுதுவது எந்த மொழி? யுனெஸ்கோ குறிப்பைத் திருத்தியது.